அண்ணாமலைக்கு: அறுபதாம் கல்யாணச் சாந்திக்கு முன்பே அறுவையை முடித்துவிடு

கானாடுகாத்தான்

அன்புள்ள அண்ணாமலை,

முதலில் ஊர்ச் செய்தி. மழையில் பெயர்ந்துபோன வளவுத் தளத்துக்கு ஆத்தங்குடியிலிருந்து கல் வந்து இறங்கிவிட்டது. கொத்தனார்தான் இன்னும் வரவில்லை. பெரியவள் பிள்ளைகளோடு பிள்ளையார் நோன்புக்கு வருகிறாள். ஊரணியில் இந்த வருஷம் நல்ல தண்ணீர்.

சரி, உன் விஷயம். நீ அனுப்பிய சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட்டைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பெருந்தமனி வாயில் இருக்கும் வால்வுக்கு மூன்றுக்குப் பதில் இரண்டே இதழ், மிதமான கசிவு. இதயத்திலிருந்து மேலே ஏறும் பெருந்தமனி 5.6 செ.மீ. வீங்கியிருக்கிறது. "வைகாசியில் சாந்தி முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று நீ போனில் சொன்னதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

5.5 செ.மீ.யைத் தொட்டாலே அறுவை செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2022இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், அனுபவமுள்ள குழு இருக்கும் இடத்தில் 5 செ.மீ.யிலேயே செய்யலாம் என்கிறது. உயரத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. குழாயின் குறுக்குப் பரப்பை (சதுர செ.மீ.) உயரத்தால் (மீட்டர்) வகுத்து 10 வந்தாலே யோசிக்க வேண்டும். ஐந்தரை அடி உயரமுள்ள உனக்கு 14ஐத் தாண்டுகிறது. உனக்கு வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை, போன தைப்பூசத்துக்குப் பழனி வரை நடந்தே போனாய், எல்லாம் உண்மை. இந்த வியாதி கிழிகிற நாள் வரைக்கும் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது.

கிழிந்தால் என்ன ஆகும் என்பதை நான் அறுவை அரங்கில் நின்று பார்த்தவன். உள்சுவர் பிளந்து, ரத்தம் சுவருக்குள்ளேயே வழி உண்டாக்கிக்கொண்டு போகும். சிகிச்சை இல்லாவிட்டால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நூறில் ஒருவர், இருவர் இறக்கிறார்கள் என்பது பழைய கணக்கு. சமீபத்திய கணக்கில் அது அரை சதவீதம். அப்படியும் இரண்டு நாளில் எவ்வளவு ஆகிறது என்று நீயே பெருக்கிப் பார். 1996இல் தொடங்கிய சர்வதேசப் பதிவேடு ஒன்றில், கிழிந்த பிறகு அவசரமாக அறுவை செய்துகொண்டவர்களிலேயே ஆரம்பத்தில் நூறில் 25 பேர் இறந்தார்கள். பதினைந்து வருஷத்துக்கு மேல் எல்லோரும் பாடுபட்டு அதை 18க்குக் கொண்டுவந்தார்கள். இதே இடத்தில், இதே குழாயை, கிழிவதற்கு முன் திட்டமிட்டு மாற்றினால் நல்ல கைகளில் நூறில் ஒன்றிரண்டுதான். எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை அது தராது. காலம் மட்டுமே தரும்.

இன்னொன்றையும் யோசி. தேவகோட்டையில் நடுராத்திரி உனக்கு நெஞ்சு வலித்தால், பார்க்கிறவர்கள் முதலில் மாரடைப்பு என்றுதான் நினைப்பார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து போட்டுவிட்டால், கிழிந்த பெருந்தமனிக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. அதற்கப்புறம் மதுரைக்கு ஆம்புலன்ஸ். அந்த நிலைமைக்கு உன்னை நீயே கொண்டுபோய் விடாதே.

முறையைப் பற்றிக் கேட்டிருந்தாய். பென்டால் முறை 1968இல் லண்டனில் வந்தது. வால்வையும் வீங்கிய குழாயையும் எடுத்துவிட்டு, வால்வு பொருத்திய டேக்ரான் என்ற செயற்கைத் துணிக் குழாயை வைத்து, இதயத்துக்கு ரத்தம் தரும் இரண்டு கரோனரி வாய்களையும் அதில் தைப்பார்கள். டொரன்டோவின் டைரோன் டேவிட் 1992இல் எழுதிய முறையில் உன் சொந்த வால்வு அப்படியே இருக்கும். அதைச் சுற்றிலும் புதுக்குழாய் வரும். அவருடைய நோயாளிகளில் பதினைந்து வருஷம் கழித்தும் நூறில் தொண்ணூறுக்கு மேல் வால்வுக்காக மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. அருமையான பலன்தான். ஆனால் அது அவர் கையின் பலன் என்பதை மறக்காதே. வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ செய்கிறவரிடம் டேவிட் செய்துகொள்வதைவிட, நிறையச் செய்தவரிடம் பென்டால் செய்துகொள்வது மேல். இதழ் தடித்தோ சுண்ணாம்பு படிந்தோ இருந்தால் டேவிட் பேச்சே எடுக்கக் கூடாது. அதை உள்ளே பார்த்துத்தான் சொல்வார்கள். அந்த முடிவை அறுவை செய்கிறவரிடமே விட்டுவிடு.

வால்வை மாற்றியே ஆக வேண்டும் என்றால் உலோகமா, விலங்குத் திசுவா? ஐம்பதுக்குக் கீழே உலோகம், அறுபத்தைந்துக்கு மேலே திசு என்பார்கள். நீ இரண்டுக்கும் நடுவில் இருக்கிறாய். உலோக வால்வு தேயாது. திருவனந்தபுரம் சித்திரா நிறுவனத்தில் உருவாக்கி 1990இல் முதலில் பொருத்திய வால்வு இன்றும் எத்தனையோ ஏழைகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க வார்ஃபரின் சாப்பிட வேண்டும், உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மாதத்தில் பாதி நாள் கோலாலம்பூரில் இருந்துவிட்டு, மாத்திரையை மறந்துவிட்டு வருகிற உனக்கு நான் திசு வால்வைத்தான் சொல்வேன். பதினைந்து வருஷம் கழித்து அது தேய்ந்தால், தொடை வழியாக உள்ளேயே இன்னொரு வால்வை வைக்கும் வசதி வந்துவிட்டது.

"ரத்த ஓட்டத்தையே கொஞ்ச நேரம் நிறுத்துவோம்" என்று டாக்டர் சொன்னதுதான் உன்னை ரொம்பப் பயமுறுத்திவிட்டது என்று ஆச்சி சொன்னார்கள். இது என் வேலை. ஹார்ட்-லங் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான், அதனால் இதை விவரமாகவே சொல்கிறேன். குழாயின் மேல் முனையைத் தைக்கும்போது பெருந்தமனியை இறுக்கிப் பிடித்திருக்கும் கவ்வியை எடுத்துவிட வேண்டும், அப்போது பம்ப் ஓடக் கூடாது. 1975இல் கிரீப் என்பவர் உடம்பை நன்றாகக் குளிரவைத்துவிட்டு இதைச் செய்யலாம் என்று காட்டினார். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் 18 டிகிரி வரை இறக்குவோம். தலையைச் சுற்றி ஐஸ் வைப்போம். "பம்ப் ஸ்டாப்" என்று குரல் வந்ததும் நிறுத்திவிட்டு, நான் நிமிடங்களை உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நாற்பது நிமிடத்தைத் தாண்டினால் பக்கவாதம் கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். முப்பதைச் சொல்லும்போது அரங்கில் ஒருவரும் பேச மாட்டார்கள்.

இப்போது நடப்பது வேறு. வலது காறை எலும்புக்குக் கீழே இருக்கும் தமனி வழியாக மூளைக்கு மட்டும் ரத்தத்தைத் தொடர்ந்து அனுப்புகிறார்கள், கிலோவுக்கு நிமிடத்துக்கு 10 மில்லி போல. உடம்பை 25, 28 டிகிரி அளவில் வைத்தாலே போதும். நெற்றியில் ஒட்டும் சென்சார் மூளையின் ஆக்சிஜனைக் காட்டிக்கொண்டே இருக்கும். குளிர்விக்கவும் சூடேற்றவும் ஆகும் நேரம் குறைகிறது, ரத்தக் கசிவும் குறைகிறது. உனக்குப் பெருந்தமனியின் வளைவுப் பகுதி சாதாரண அளவில்தான் இருக்கிறது. ஆகவே நிறுத்தவேண்டி வந்தாலும் கொஞ்ச நேரம்தான். பக்கவாதம் வரவே வராது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பயத்துக்காகத் தள்ளிப்போடுவது சரியில்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

மதுரையிலோ சென்னையிலோ யாரைப் பார்த்தாலும் "சக்சஸ் ரேட்" என்று ஒரு எண்ணைச் சொல்வார்கள். வீட்டுக்குப் போனவர்களையா, முப்பது நாள் இருந்தவர்களையா, ஐந்து வருஷம் இருந்தவர்களையா எண்ணினார்கள் என்று கேள். அவசர கேஸ்களைச் சேர்த்தா, விட்டுவிட்டா என்றும் கேள். போன வருஷம் இந்த அறுவை எத்தனை செய்தார்கள் என்றும் கேள். கோபித்துக்கொள்கிறவரிடம் போகாதே. நம் பக்கத்து ஜனங்கள் உடம்பு தேறியதும் ஊருக்குப் போய்விடுவார்கள், ஆஸ்பத்திரியும் தேடாது. அவர்கள் வால்வு எப்படி இருக்கிறது, குழாயின் மீதிப் பகுதி வீங்கியதா, ஒருவருக்கும் தெரியாமல் போய்விடுகிறது. இது எனக்குத் தீராத வருத்தம். நீயாவது வருஷாவருஷம் ஸ்கேனுக்குப் போ.

டிபேக்கியைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா? டேக்ரான் குழாயைத் தன் மனைவியின் தையல் மெஷினில் தைத்துப் பார்த்தவர், இந்த அறுவைக்கே வழி வகுத்தவர்களில் ஒருவர். 2005 கடைசி நாளில் அவருக்கே பெருந்தமனி கிழிந்தது. அப்போது வயது 97. பிப்ரவரியில் அறுவை செய்தார்கள். ரொம்ப நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார், ஆனாலும் பிழைத்து 2008 வரை இருந்தார். நீ இன்னும் அறுபதைத் தொடவில்லை.

அறுவை முடியும்வரை பிரஷரை ஏற விடாதே, பாரம் தூக்காதே. வயிற்றுப்போக்குக்குக்கூட சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரை வேண்டாம், பெருந்தமனிக்கு ஆகாது என்று 2018இலேயே எச்சரித்திருக்கிறார்கள். பல்லை இப்போதே காட்டிச் சரிசெய்துகொள். சொத்தைப் பல்லோடு புது வால்வு வைக்கக் கூடாது. மார்கழியில் வேண்டாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. மார்பெலும்பு கூட மூன்று மாதம் ஆகும். இந்தத் தைப்பூச நடை உனக்கு இல்லை, அது கஷ்டம்தான். ஆனால் வைகாசியில் மணையில் தாராளமாக உட்காரலாம்.

ஸ்கேன் டிஸ்க்கையும் எக்கோ ரிப்போர்ட்டையும் எடுத்து வை. வெள்ளிக்கிழமை காரோடு வருகிறேன், இரண்டு பேருமாக மதுரைக்குப் போய்ப் பேசிவிட்டு வருவோம். உன் தம்பிக்கும் இரண்டு பையன்களுக்கும் எக்கோ எடுக்கச் சொல். இந்த இரண்டிதழ் வால்வு, கூடப் பிறந்தவர்களிலும் பிள்ளைகளிலும் பத்தில் ஒருவருக்கு இருக்கும்.

அன்புடன்,
சொக்கலிங்கம்