293 என்ற எண்ணும் அதன் எல்லையும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எரிவாயு விலையையும் மின்கட்டணத்தையும் ஒப்பிட்டுத் தங்கள் ஞாயிறு பதிப்பில் வெளிவந்த கட்டுரை, ஒரு எம்எம்பிடியு (எரிவாயுவை விற்கப் பயன்படும் வெப்ப அலகு, பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகுகள்) எரிவாயு 293 கிலோவாட் மணிக்குச் சமம் என்கிறது. கணக்கில் பிழையில்லை. ஒரு எம்எம்பிடியு என்பது ஏறத்தாழ 1,055 மெகாஜூல். ஒரு கிலோவாட் மணி, அதாவது நாம் யூனிட் என்று சொல்வது, 3.6 மெகாஜூல், வகுத்தால் 293 வருகிறது. ஆனால், எரிவாயு விலையை அந்த 293-ஆல் வகுத்து, கிடைத்த தொகைக்கும் கட்டணச் சீட்டில் உள்ள தொகைக்கும் இடையிலான வித்தியாசம் முழுவதையும் இலாபமாகக் காட்டியிருப்பதை ஏற்பதற்கில்லை.

293 என்பது எரிவாயுவிலுள்ள வெப்பத்தின் அளவே தவிர, அதிலிருந்து கிடைக்கும் மின்சாரத்தின் அளவன்று. பினாங்கின் பிறை (Prai) என்ற ஊரில் உள்ளது போன்ற கூட்டுச் சுழற்சி மின்நிலையங்களில், எரிவாயுச் சுழலியிலிருந்து (டர்பைன்) வெளியேறும் சூடான புகையைக் கொண்டே நீராவி உண்டாக்கி இரண்டாவது சுழலியையும் ஓட்டுகிறார்கள்; அப்படியும் புதிய நிலையங்களின் திறன் 60 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. அந்த 60-இலும் ஒரு நுணுக்கம் உண்டு, கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை. எரிவாயு எரியும்போது உண்டாகும் நீராவி தன்னுடன் கொண்டுபோகும் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் உயர் வெப்ப மதிப்பு. கழித்துவிட்டால் தாழ் வெப்ப மதிப்பு. இயற்கை எரிவாயுவில் இவ்விரண்டுக்கும் ஏறத்தாழ பத்து விழுக்காடு வேறுபாடு. எரிவாயு வாணிபம் பெரும்பாலும் முன்னதைக் கொண்டும், மின்நிலையத் திறன் பெரும்பாலும் பின்னதைக் கொண்டும் சொல்லப்படுவதால், 60 விழுக்காடு என்பது வாங்கிய எரிவாயுவின் கணக்கில் 54 ஆகிவிடுகிறது. ஆகவே ஒரு எம்எம்பிடியு தருவது 158 யூனிட் அளவே. கம்பியில் ஏற்படும் இழப்பு இதற்குப் பிறகுதான்.

சமையலறைக்கும் இதே விதிதான். ஒரு கிலோ 1.90 ரிங்கிட் வீதம் 26.60 ரிங்கிட்டுக்கு வாங்கும் 14 கிலோ எரிவாயுத் தோம்பில் ஏறத்தாழ 190 யூனிட் வெப்பம் இருப்பதால், யூனிட்டுக்கு 14 சென்தான் ஆகிறது என்று தோன்றும். (அந்த விலையே அரசாங்க உதவித்தொகையால் குறைக்கப்பட்டது என்பது வேறு விஷயம்.) அடுப்புத் தீயில் பாதிக்கு மேல் பாத்திரத்தின் ஓரமாக வெளியேறிவிடுகிறது, 40 விழுக்காடு பாத்திரத்தில் ஏறுவதாகக் கொண்டால் பயன்படுவது 76 யூனிட். இண்டக்‌ஷன் அடுப்பின் திறனை 85 விழுக்காடு என்று வைத்தால், அதே சமையலுக்கு 90 யூனிட் மின்சாரம் போதும். அதாவது தோம்புக்கு ஈடான மின்விலை யூனிட்டுக்கு 14 சென் அன்று, 30 சென்னுக்குச் சற்றுக் குறைவு.

2025 ஜூலை முதல் வீட்டு மின்கட்டணச் சீட்டில் எரிசக்தி, கொள்ளளவு, கட்டமைப்பு ஆகிய கட்டணங்கள் தனித்தனியே அச்சிடப்படுகின்றன. வாசகர்கள் அவற்றைக் கூட்டி, சேமிப்புக்கான சலுகை இருந்தால் கழித்து, பயன்படுத்திய யூனிட்டால் வகுத்த பிறகே அந்த 30 சென்னுடன் ஒப்பிட வேண்டும். எரிசக்திக் கட்டணத்தை மட்டும் பார்த்தால் மின்சாரம் உள்ளதைவிட மலிவாகத் தெரியும்.

இங்ஙனம்,
வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு