கேள்வித்தாளை மூடிவிட்டு வார்டுக்கு வாருங்கள்: நர்சிங் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதல்வர்களுக்கும், ஆய்வு வழிகாட்டிகளுக்கும், கிளினிக்கல் டியூட்டர்களுக்கும் வணக்கம்.

தமிழ்நாட்டில் ஒரு மருத்துவமனையில் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸாக (ஐ.சி.என்.) வேலை பார்க்கிறேன். உங்கள் பிள்ளைகள் போஸ்டிங்குக்கு வந்து போகிற இடம்தான். எந்தக் கல்லூரியையும் பெயர் சொல்லிக் குறை கூறும் எண்ணம் எனக்கு இல்லை. பல கல்லூரிகளின் பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன், கதை பெரும்பாலும் ஒன்றுதான்.

ஆய்வுக் காலம் வந்துவிட்டால் கையில் அனுமதிக் கடிதத்தோடு ஒரு எம்.எஸ்சி. மாணவி வந்து நிற்பார். 'தேர்ந்தெடுக்கப்பட்ட கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் மாணவர்களிடையே தொற்றுக் கட்டுப்பாடு குறித்த அறிவை மேம்படுத்துவதில் திட்டமிட்ட கற்பித்தல் நிகழ்ச்சியின் பயன்பாடு' என்கிற மாதிரி ஒரு தலைப்பு. முதலில் பிரீ-டெஸ்ட். அப்புறம் சார்ட்டும் பவர்பாயின்ட்டுமாக முக்கால் மணி நேர வகுப்பு. ஒரு வாரம் கழித்து அதே கேள்வித்தாளைக் கொடுத்து போஸ்ட்-டெஸ்ட். மதிப்பெண் ஏறியிருக்கும். ஏறாமல் எங்கே போகும்? புள்ளியியல்படி வித்தியாசம் குறிப்பிடத்தக்கது என்று எழுதி, பைண்டிங் போட்டு, நூலகத்தில் வைத்தாகிவிடும். மாணவர்களுக்கு அறிவு போதவில்லை, இன்னும் வகுப்புகள் தேவை என்று பரிந்துரையும் இருக்கும்.

என் கண்ணுக்குத் தெரிவது வேறு. பிள்ளைகளுக்குத் தெரிகிறது. கை கழுவ வேண்டிய ஐந்து தருணங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிறார்கள். நோயாளியைத் தொடும் முன், சுத்தமான சிகிச்சைமுறைக்கு முன், உடல் திரவம் பட வாய்ப்பிருந்த பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். சோப்பு போட்டால் 40 முதல் 60 விநாடி, ஆல்கஹால் ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 விநாடி என்பதும் சரியாக வரும். இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டத்தில் நுண்ணுயிரியல் தாளின் பெயரிலேயே தொற்றுக் கட்டுப்பாடும் பாதுகாப்பும் சேர்ந்துவிட்டன. ரெக்கார்டு நோட்டில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என மருத்துவக் கழிவுக்கான நான்கு தொட்டிகளை ஸ்கெட்ச் பேனாவில் அவ்வளவு அழகாக வரைந்திருக்கிறார்கள். (இன்னும் சில இடங்களில் 1998 மருத்துவக் கழிவு விதிகளின் கறுப்புப் பையையும் சேர்த்து வரைகிறார்கள். 2016-இல் விதியே மாறிவிட்டது. அந்தப் பழைய ஜெராக்ஸ் நோட்ஸைத் தயவுசெய்து கிழித்துப் போடுங்கள்.)

இவ்வளவும் தெரிந்த பிள்ளை வார்டில் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பாருங்கள்.

ஜெனரல் வார்டில் கடைசிக் கட்டிலில் இருக்கும் நோயாளிக்கு ரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கிறாள், குழாயில் விடுகிறாள். கையில் திறந்த ஊசி. கூர்மையான கழிவுகளைப் போடும் வெள்ளை டப்பா நர்ஸிங் ஸ்டேஷனில், வாசல் பக்கம் இருக்கிறது. நடுவில் இருபது கட்டில், ஒவ்வொரு கட்டிலுக்கும் இரண்டு உறவினர்கள், தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டி, ஓடி விளையாடும் ஒரு குழந்தை. திறந்த ஊசியோடு அவ்வளவு தூரம் நடப்பதா, மூடியைத் திரும்ப மாட்டுவதா? மாட்டுகிறாள். 'பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடக் கூடாது: சரியா, தவறா' என்ற கேள்விக்கு அவள் 'சரி' என்று டிக் அடித்து மதிப்பெண் வாங்கியவள்தான். அந்த நேரத்தில் அவளுக்குத் தேவை டிராலியில் ஒரு சின்ன வெள்ளை டப்பா. இன்னொரு பவர்பாயின்ட்டை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

கை கழுவுவதும் அப்படியே. வார்டில் இருப்பது ஒரே ஒரு சிங்க். அதில் யாரோ டிபன் கேரியர் கழுவிக்கொண்டிருப்பார்கள். சோப்பு, தண்ணீரில் ஊறிக் கூழாகிக் கிடக்கும். கழுவிய கையால்தான் குழாயைத் திருகி மூட வேண்டும். துடைக்கக் காகிதம் இருக்காது, காலையிலிருந்து தொங்கும் ஒரே துண்டு இருக்கும், இல்லையென்றால் தன் ஏப்ரன். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மணி நேரத்தில் இருபது தடவை கை கழுவ வேண்டிய தருணம் வந்து, ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம் கழுவினால், நடக்கிற நேரத்தைச் சேர்க்காமலேயே மணியில் மூன்றில் ஒரு பங்கு சிங்கிலேயே போய்விடும். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பிட்டே என்ற மருத்துவரும் அவரது குழுவும் இந்தச் சிக்கலைத்தான் பிடித்தார்கள். ஆல்கஹால் கரைசலைக் கட்டிலருகே கொண்டுவந்து வைத்தார்கள், பணியாளர்களின் சட்டைப் பையிலும் கொடுத்தார்கள், கூடவே போஸ்டர், கண்காணிப்பு, நிர்வாகத்தின் ஆதரவு. 1994-இல் 48 சதவீதமாக இருந்த கை சுத்தம் 1997-இல் 66 சதவீதமானது. கை எட்டும் தூரத்தில் பாட்டில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குத்தான் நீங்களும் நானும் தேவை.

இன்னும் பின்னால் போனால் வியன்னா. 1847-இல் அங்கே பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். ஒன்றில் மருத்துவ மாணவர்கள், இன்னொன்றில் மருத்துவச்சி மாணவிகள். மருத்துவ மாணவர்களின் பிரிவில்தான் தாய்மார்கள் அதிகம் செத்தார்கள், காரணம் பிணவறையில் உடலை அறுத்துப் பார்த்த கையோடு அவர்கள் பிரசவம் பார்க்க வந்தது. அங்கிருந்த செம்மல்வைஸ் என்ற மருத்துவர் அந்த மாணவர்களுக்குக் கிருமியைப் பற்றி வகுப்பு எடுக்கவில்லை. எடுக்கவும் முடியாது, கிருமிக் கொள்கையே அப்போது நிலைபெறவில்லை. குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கையை நனைக்காமல் யாரும் உள்ளே போகக் கூடாது என்று மட்டும் உத்தரவு போட்டார். அந்த ஏப்ரலில் 18 சதவீதத்தைத் தாண்டியிருந்த இறப்பு, ஆகஸ்டில் 2 சதவீதத்துக்கும் கீழே வந்தது. அந்த மாணவர்களுக்கு நம் கேள்வித்தாளைக் கொடுத்திருந்தால் எல்லாரும் ஃபெயில்தான்!

சரி, அறிவே வேண்டாம் என்கிறேனா? இல்லை. தெரியாமல் இருப்பவையும் உண்டு. கையுறை போட்டுவிட்டால் கை சுத்தம் என்று நிறையப் பிள்ளைகள் மனதார நம்புகிறார்கள். ஒரே கையுறையோடு யூரின் பேகைக் காலி செய்து, பக்கத்துக் கட்டிலில் டிரிப் வேகத்தைச் சரிசெய்து, கேஸ் ஷீட்டில் எழுதி, பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கையுறை காப்பாற்றியது அவளை மட்டும்தான். கழற்றும் போதும் அழுக்கான வெளிப்பக்கத்தைத் தொட்டுத்தான் கழற்றுகிறார்கள், பிறகு கை கழுவுவதில்லை. வயிற்றுப்போக்கு நோயாளியிடம் வேலை முடித்துவிட்டு ஹேண்ட் ரப் தேய்த்துக்கொண்டு திருப்தியாகப் போகிறவர்களும் உண்டு. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் கிருமியின் ஸ்போர்கள் ஆல்கஹாலுக்கு அசைவதில்லை, அங்கே சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். இதையெல்லாம் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். ஆனால் கட்டிலருகே நின்று, கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுங்கள்.

தெரியாமல் இருப்பவற்றில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது, "சிஸ்டர், இவருக்கு எச்.ஐ.வி. இருக்கா?" என்ற கேள்வி. இருந்தால் இரண்டு கையுறை, இல்லையென்றால் வெறுங்கை. இதைப் பிள்ளைகள் புத்தகத்தில் படிக்கவில்லை, எங்கள் வார்டில்தான் கற்றுக்கொள்கிறார்கள். கேஸ் ஷீட்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டும் சீனியர்களிடமிருந்து. ஸ்டிக்கர் இல்லாத நோயாளியின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? 2018 மே மாதம் கேரளத்தில் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் காய்ச்சலோடு வந்த ஒரு இளைஞரைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் லினி, மே 21 அன்று இறந்துபோனார். அவர் அந்த நோயாளியைப் பார்த்துக்கொண்டபோது அது நிபா என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஸ்டாண்டர்ட் பிரிகாஷன் என்று நாம் சொல்வது நோயின் பெயர் தெரியும் முன்பே, எல்லா நோயாளியிடமும், எல்லா நேரமும் கடைப்பிடிப்பதற்காக. பெயரைக் கேட்டுக்கொண்டு கையுறை தேடினால் நேரம் கடந்திருக்கும்.

அடுத்து நான் சொல்வதைக் கோபப்படாமல் படியுங்கள்.

ஒரு மூன்றாம் ஆண்டு மாணவி மதிய நேரத்தில் என் அறை வாசலில் வந்து நின்றாள். தோழி தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். முந்தின நாள் நைட் டூட்டியில் விரலில் ஊசி குத்திவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. ஸ்பிரிட் ஊற்றி, ரத்தம் வர அழுத்திப் பிழிந்திருக்கிறாள். சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும், பிழியக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். பக்கத்தில் இருந்த சீனியர் பிழியச் சொன்னார், பிழிந்தாள். அவளைப் பேச வைக்க, ஆபத்து எவ்வளவு என்று கேட்டேன். டக்கென்று சொன்னாள்: தடுப்பூசி போடாதவர்களுக்கு ஹெபடைடிஸ் பி 30 சதவீதம் வரை, ஹெபடைடிஸ் சி 3, எச்.ஐ.வி. 0.3. பாடநூல் கணக்கு அப்படியே. ஏன் நேற்றே சொல்லவில்லை என்றேன். மேடம் திட்டுவார்கள், வீட்டுக்கு போன் போகும், இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்கள் என்றாள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் பயனில்லை, தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அதுவும் தெரியும் அவளுக்கு. தெரிந்துகொண்டே விடிய விடிய பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி? இரண்டு டோஸ் ஆகியிருந்தது. மூன்றாவதை லீவில் ஊரில் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள், அப்படியே விட்டுப்போய்விட்டது. நோயாளியின் ரத்தப் பரிசோதனை மூன்றும் நெகட்டிவ் என்று வந்ததில் நாங்கள் மூச்சு விட்டோம். அவளுக்குப் பாக்கி டோஸ் போட்டு அனுப்பினேன். எங்கள் மருத்துவமனையின் ஊசிக்குத்துப் படிவத்தில் 'பணியாளர் எண்' என்று ஒரு கட்டம் உண்டு, மாணவிக்கு அங்கே எழுத எண் கிடையாது. அது எங்கள் பக்கத்துக் கோளாறு, படிவத்தை மாற்ற எங்கள் கமிட்டியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மற்றதெல்லாம் உங்கள் பக்கம்.

அதனால் கேட்கிறேன். சேர்க்கை நடக்கும் வாரத்திலேயே ஹெபடைடிஸ் பி முதல் டோஸைப் போட்டுவிடுங்கள். 0, 1, 6 மாதம் என்ற கணக்கில் போனால் முதல் வருடத்துக்குள் மூன்றும் முடிந்துவிடும். முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் டைட்டர், அதாவது ரத்தத்தில் எதிர்ப்பொருளின் அளவு, பாருங்கள். 10-க்குக் கீழே இருந்தால் திரும்பப் போட வேண்டியிருக்கும். கட்டண ரசீதில் எத்தனையோ தலைப்பு இருக்கிறது, இதற்கும் ஒன்று இருக்கட்டும். மருத்துவக் கழிவைக் கையாளுகிறவர்களுக்கு ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும் என்பது 2016 விதிகளிலேயே இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் அந்தக் கழிவைக் கையாளத்தான் செய்கிறார்கள். ஊசி குத்தினால் யாரைக் கூப்பிடுவது, பரிசோதனைச் செலவு யாருடையது என்பதைப் போஸ்டிங் தொடங்கும் முன் ஒரு தாளில் எழுதி எங்களுக்கும் ஒரு நகல் கொடுங்கள். வந்து சொல்கிற பிள்ளையைத் திட்ட மாட்டோம் என்று உங்கள் டியூட்டர்கள் வகுப்பில் எல்லார் முன்னும் சொல்லட்டும். ஒரு தடவை திட்டினால் போதும், அந்த பேட்ச் முழுக்க வாயைத் திறக்காது.

ஆய்வுகளைப் பற்றி. கேள்வித்தாளைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கவனிக்க வாருங்கள். கை சுத்தத்தை நேரடியாகக் கவனித்துக் குறிக்க உலக சுகாதார நிறுவனத்தின் படிவமே இருக்கிறது: எத்தனை தருணம் வந்தது, எத்தனையில் கை சுத்தமானது. யாராவது பார்க்கிறார்கள் என்றால் எல்லாரும் ஒழுங்காகக் கழுவுவார்கள் என்பது உண்மைதான். நாலைந்து நாள் தொடர்ந்து ஒரு மூலையில் நில்லுங்கள், உங்களை மறந்துவிடுவார்கள். ஊசி டப்பா கட்டிலிலிருந்து எத்தனை அடி தூரம், ஹேண்ட் ரப் பாட்டிலில் மருந்து இருந்ததா என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். எங்கள் மருத்துவமனையின் குறைகள் வெளியே வரும். வரட்டும். எனக்கு அந்தக் காகிதம் தேவைப்படுகிறது, நிர்வாகத்திடம் டப்பா கேட்கப் போகும்போது நீட்டுவதற்கு.

செய்முறைத் தேர்வையும் கொஞ்சம் மாற்றலாம். லேபில் பொம்மைக்கு முன்னால் டிரே அடுக்கி, இருக்கிற குழாயில் ஏழு படியும் செய்து காட்டினால் முழு மதிப்பெண் என்பது போதாது. நான்கு நோயாளிகளுக்கு நடுவில், சிங்க் அடைத்துக்கொண்டிருக்கும் வார்டில், டாக்டர் ரவுண்ட்ஸில் அவசரப்படுத்தும்போது அவள் என்ன செய்கிறாள் என்பதற்கும் மதிப்பெண் இருக்கட்டும். கை கழுவாமல் டிரெஸ்ஸிங்கைத் தொடப் போகிற சீனியரிடம் "சிஸ்டர், ஹேண்ட் ரப்" என்று பாட்டிலை நீட்டும் பிள்ளைக்கு மதிப்பெண் கூடுதலாகவே கொடுங்கள். இப்போது அப்படி நீட்டினால் 'அதிகப்பிரசங்கி' என்ற பெயர்தான் கிடைக்கிறது.

டியூட்டர்களிடம் ஒரு வார்த்தை. கட்டிலருகே செய்து காட்டும்போது கடிகாரம், மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு வாருங்கள். பிள்ளைகள் கவனிக்கிறார்கள்.

அடுத்த பேட்ச் வரும்போது பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தடுப்பூசித் தேதிகள் மூன்றும் இருக்கட்டும். என் பக்கத்தில், முதல் நாள் காலை ஒரு மணி நேரம் எல்லாரையும் வார்டு சுற்றிக் கூட்டிப்போய் டப்பா, பாட்டில், சிங்க், என் அறை, என் போன் நம்பர் எல்லாம் காட்டிவிடுகிறேன். அந்த நேரத்தில் கூடவே ஒரு டியூட்டர் இருந்தால் நல்லது. தேதி எதிரே காலியாக இருக்கும் பிள்ளைகளை ரத்தம் எடுக்கவோ ஊசி போடவோ விடப்போவதில்லை என்று எங்கள் நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டிடம் சொல்லிவிட்டேன், அவரும் சரி என்றுவிட்டார். அதனால் லாக் புக்கில் கையெழுத்து குறைந்தால் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகள் 'ஐ.சி.என். சிஸ்டர்' என்று கூப்பிடும் ஒரு நர்ஸ்