ஹூஸ்டன் கொல்லையில் ஒரு பந்தல்

ஹூஸ்டன்,
மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

பன்னீர்த் திராட்சை வைக்காமல் வேறு எதையோ வைத்திருக்கிறேன் என்று உங்களுக்கு மனக்குறை. போனில் சொல்லி முடிவதில்லை, அதனால் எழுதுகிறேன். வெயிலில் இந்த ஊர் நம் கம்பம் ஊருக்குச் சளைத்ததல்ல. ஆனால் இங்கே எமன் பியர்ஸ் நோய்தான். தத்துப்பூச்சி மாதிரி ஒரு பூச்சி சாறு உறிஞ்சும்போது ஒரு பாக்டீரியாவைக் கொடிக்குள் விட்டுவிடும். அது தண்ணீர் ஏறுகிற குழாய்களை அடைத்துவிடும். வேரில் ஈரம் இருந்தும் இலை ஓரம் கருகிக்கொண்டே வரும், அப்புறம் கொடியே பட்டுப்போகும். மருந்தே கிடையாது. பன்னீர் ஐரோப்பிய ஜாதி, இதைத் தாங்காது.

நான் வைத்திருப்பது 'பிளாங் டு புவா'. 1987-ல் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் வெளியிட்ட வெள்ளை ரகம், இந்த நோயைத் தாங்கும். பழத்தில் பன்னீரின் வாசம் கொஞ்சம் அடிக்கிறது. உங்கள் மருமகள் இல்லை என்கிறாள். நீங்கள்தான் சாப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

கிளைகளை வெட்டிவிடும் கவாத்து இங்கே வருஷத்துக்கு ஒரே தடவை, பிப்ரவரியில். குளிரில் கொடி தானாகவே இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். போன மாதம் கிளைக்கு இரண்டு மொட்டுக் கண் விட்டு வெட்டினேன். வெட்டுவாயில் தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாக வடிந்து பந்தல் காலெல்லாம் ஈரம். இப்போது கண்கள் பஞ்சு மாதிரி உப்பி, நுனியில் இளஞ்சிவப்பு தெரிகிறது. மண் சரியான களி, மழை பெய்தால் தண்ணீர் இறங்காது. மேடு கட்டித்தான் நட்டிருக்கிறேன்.

இன்னொன்று. நாசிக் பக்கம் ஒட்டுக் கட்ட 'டாக்ரிட்ஜ்' வேர்ச்செடி வைக்கிறார்கள் அல்லவா, அது இந்த டெக்சஸ் காட்டுக் கொடிதான்! மன்சன் என்று ஒருவர் இங்கே காட்டுத் திராட்சைகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். வேரைத் தாக்கும் வேர்ப்பேன் பூச்சியால் பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்கள் அழிந்தபோது டெக்சஸ் வேர்களைப் பரிந்துரைத்ததற்காக 1888-ல் பிரெஞ்சு அரசு அவருக்கு விருது கொடுத்தது.

விசா வந்துவிட்டால் ஜூன் கடைசிக்குள் வந்துவிடுங்கள். ஜூலையில் அறுவடை, தாமதித்தால் குருவிகள் மிச்சம் வைக்காது. வரும்போது உங்கள் கவாத்துக் கத்தரியையும் கொண்டு வாருங்கள், கைப்பையில் வேண்டாம், பெட்டியில் வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்