தலையணைப் பாறையும் நம் பழைய சண்டையும்

அன்புள்ள சேகர்,

முட்டிவலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். போன வாரம் பேரனைக் கூட்டிக்கொண்டு சித்ரதுர்கா போனேன். வீட்டில் சொன்னது கோட்டை பார்க்க என்று, போனது பக்கத்து மாரடிஹள்ளிக்கு, அந்தத் தலையணை வடிவ லாவாப் பாறையைப் பார்க்க. படிக்கிற காலத்தில் நீ தொப்பியைத் தொலைத்தாயே, அதே இடம்.

பாறை அப்படியே இருக்கிறது. “யாரு தாத்தா இத்தனை மூட்டையை அடுக்கி வச்சது?” என்றான் பேரன். தண்ணீருக்கடியில் கசிந்த லாவாவின் மேல்தோல் சட்டென்று கண்ணாடியாக இறுகிவிடும், உள்ளே இருக்கும் குழம்பு அதைப் பிளந்துகொண்டு அடுத்த உருண்டையாகப் பிதுங்கும் என்றேன். மேல்பக்கம் உப்பல்; அடிப்பக்கம், கீழே கிடக்கும் இரண்டு மூட்டைகளின் இடுக்கில் தொங்கும் வால். அந்த வால்தான் எது மேல், எது கீழ் என்று காட்டிக்கொடுக்கும். ஏறக்குறைய 250 கோடி ஆண்டுக்கு முந்தைய வால்!

சரி, நம் சண்டைக்கு வருகிறேன். “தலையணை இருந்தால் அது பழைய கடல்தரைதான்” என்று நீ அடித்துச் சொன்னாய், நானும் தலையாட்டினேன். இப்போது ஒப்புக்கொள்ள மாட்டேன். தலையணை தண்ணீருக்குச் சாட்சி, அவ்வளவே. ஐஸ்லாந்தில் பனியாற்றுக்கு அடியில்கூட உருவாகியிருக்கிறது.

பாறையின் வேதியியலைக் கேட்டால் அதுவும் இரட்டை நாக்கு. நியோபியம் என்ற உலோகம் குறைந்திருந்தால், ஜப்பானில் போல பூமியின் மேலோட்டுத் தட்டு ஒன்று இன்னொன்றின் அடியில் அமிழ்ந்த இடம் என்பார்கள். ஆனால் பழைய கிரானைட்டைத் தின்றுகொண்டு மேலேறும் லாவாவிலும் அதே குறைவு வரும். பாபாபுதன் மலைப் பக்கம் லாவாவுக்கு அடியில் கூழாங்கல் பாறை, அதற்கும் அடியில் சுமார் 300 கோடி ஆண்டு நைஸ், அதாவது பழைய கண்டத்தின் வரிவரியான பாறை. கண்டத்தின் முதுகிலேயே வழிந்த லாவா அது. சித்ரதுர்காவுக்கு அதையே சொல்லலாமா என்பதில் இன்னும் இரண்டு கட்சி இருக்கிறது: தட்டு அமிழ்ந்த இடம் என்று ஒன்று, கண்டம் பிளந்து லாவா வழிந்த இடம் என்று இன்னொன்று. நான் கண்டம் பிளந்த கட்சிப் பக்கம் சாய்கிறேன். அன்றைக்குப் பூமியின் வயிறு இன்றைவிடச் சூடு. இன்றைய தட்டு விதிகளை அப்படியே அங்கே போட்டுப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

பேரன் ஒரு துண்டைப் பையில் போடப் பார்த்தான். தேசியப் புவியியல் சின்னம், தொடாதே என்றேன். அப்புறம்தான் உன் மேசைமேல் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்த கல் ஞாபகம் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. ஒரு தடவை லென்ஸில் பார், ஓரத்தில் அந்தக் கறுத்த தோல் இருக்கிறதா என்று எழுது.

அன்புடன்,
ராமு