மகனின் வீட்டுக்கடன் குறித்து நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து மறுபடியும் காலை நடைக்குப் போகத் தொடங்கிவிட்டாய் என்று படித்தபோது பெரிய ஆறுதல். நாங்கள் நலம். மகள் புது வேலையில் சேர்ந்துவிட்டாள். கைக்கு எட்டிய வாடகையில் நகரத்தின் கடைசி விளிம்பில்தான் வீடு அமைந்தது. அவள் அலுவலகம் போய்த் திரும்புவதற்குள் குழந்தை தூங்கிவிடுகிறது. அது ஒன்றுதான் எங்களுக்கு இப்போது மனக்குறை.

உன் வீட்டின் மதிப்பு பல மடங்கு உயர்ந்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறாய். அடுத்த பத்தியிலேயே, மகன் 25 ஆண்டுக் கடனில் வீடு வாங்கத் துடிக்கிறான், சரியென்று சொல்லலாமா என்று கேட்கிறாய். எனக்கு இவை இரண்டும் ஒரே செய்தியாகத்தான் படுகின்றன. உன் வீட்டுக்கு விலை ஏறியதால்தான் அவன் கடன் இவ்வளவு பெரிதாகியிருக்கிறது. உனக்கு வந்த லாபமும் ஏட்டளவில்தான். விற்றால் பெரிய தொகை வரும். அதே நகரத்தில் வேறொரு வீடு வாங்கினால் அந்தத் தொகை அப்படியே போய்விடும்.

கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு பழசாகிறது. சுவர் விரிசல் விடுகிறது, குழாய் துருப்பிடிக்கிறது. நியாயமாகப் பார்த்தால் அதன் விலை இறங்க வேண்டும். ஏறுவது அடியில் கிடக்கும் மண்ணின் விலை. அருகில் ரயில் நிலையம் வந்தது, மருத்துவமனை வந்தது, வேலை தேடி மக்கள் வந்தார்கள். ஊரார் வரிப்பணமும் உழைப்பும் ஏற்றிவிட்ட அந்த மதிப்பு மனை வைத்திருப்பவரின் கணக்கில் சேர்கிறது. பிறகு வருகிற இளைஞன் அதற்கும் சேர்த்துக் கடன் வாங்குகிறான். இது எனக்கு நெடுநாளாகவே பொறுக்கவில்லை.

இது இயற்கையின் விதி என்று சொல்பவர்களுக்கு நான் ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவைக் காட்டுவேன். 1923-இல் அந்த நகராட்சி ஆடம்பர வீடுகளின் மீது கூடுதலாக விழும்படி ஒரு வரி போட்டு, அந்தப் பணத்தில் தானே வீடு கட்டத் தொடங்கியது. 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் எழுந்துவிட்டன. நூலகம், குழந்தைகள் காப்பகம், துணி துவைக்கும் கூடம் என்று பொது வசதிகளும் அவற்றோடு சேர்ந்தே வந்தன. இன்றும் அந்த நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நகராட்சி வீடுகளிலோ அரசு உதவி பெற்ற வீடுகளிலோதான் வாழ்கிறார்கள். ஆசிரியரும் தொழிலாளியும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறார்கள். நூறு ஆண்டுக்கு முன் தொடங்கிய வேலையின் பலன் இது.

இங்கிலாந்து எதிர்த் திசையில் போனது. 1980-இல் வந்த சட்டத்தால் ஏறத்தாழ 20 லட்சம் பொது வீடுகள் குடியிருந்தவர்களுக்கே சலுகை விலையில் விற்கப்பட்டன. வாங்கியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களுக்கு அது வாழ்நாள் வாய்ப்பு. ஆனால் விற்ற அளவுக்குத் திரும்பக் கட்டவில்லை. அந்த வீடுகளில் கணிசமானவை இப்போது தனியாரிடம் போய், கூடுதல் வாடகைக்கு விடப்படுகின்றன.

பொது வீடுகள் மட்டும் போதாது, தனியார் கட்டுவதற்கும் வழி விடவேண்டும். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் 2016-இல் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கில் அடுத்தடுத்து வீடுகளும் மாடிகளும் கட்டிக்கொள்ள இடம் கொடுத்தது. புது வீடுகளின் எண்ணிக்கை வெகுவாகக் கூடியது. ஜெர்மனியின் பெர்லின் நகரம் 2020-இல் வாடகைக்கு உச்சவரம்பு கட்டியது. ஏற்கெனவே குடியிருந்தவர்கள் பயனடைந்தார்கள். புதிதாக வீடு தேடியவர்களுக்கோ வாடகை வீடு கிடைப்பதே கடினமாகிவிட்டது. அடுத்த ஆண்டே அந்தச் சட்டத்தை நீதிமன்றம் செல்லாதென்று சொல்லிவிட்டது. வாடகையைக் கட்டுப்படுத்துவது எனக்கும் உடன்பாடுதான், கூடவே வீடும் கட்டினால்.

இனி உன் மகன் விஷயம். எடுத்துக்காட்டாக 8.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொள். 25 ஆண்டுகளில் அவன் திருப்பிக் கட்டுவது அசலைப் போல் ஏறத்தாழ 2.4 மடங்கு. முதல் மாதத் தவணையில் நூற்றுக்கு 88 வட்டிக்கே போய்விடும். வட்டி குறைந்ததும் வாங்கலாம் என்று காத்திருப்பதிலும் பெரிய பலன் இல்லை. வட்டி குறைந்தால் எல்லோராலும் கூடுதலாகக் கடன் வாங்க முடியும். வீடுகள் குறைவாக இருக்கும் நகரத்தில் அந்தக் கூடுதல் தொகை விலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

வாடகை கொடுப்பது பணத்தைத் தண்ணீரில் போடுவது என்று அவனிடம் சொன்னாயாமே, அதை மட்டும் தயவுசெய்து திரும்பப் பெற்றுக்கொள். அவன் பார்த்திருக்கும் வீட்டுக்கு ஆண்டு வாடகை எவ்வளவு என்று விசாரிக்கச் சொல். அது விலையில் 3 சதவீதம்தான் என்றால், 3 சதவீதச் செலவில் கிடைக்கும் கூரைக்கு 8.5 சதவீத வட்டி கட்டப்போகிறான் என்று பொருள். மிச்சத்தைச் சேமித்தால் வாடகைக்காரனும் சொத்து சேர்க்கலாம். அப்படியும் வாங்கத்தான் வேண்டுமென்றால், தவணை கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. வேலை போனாலும் ஆறு மாதம் தவணை கட்டும் அளவுக்குக் கையிருப்பு தனியே இருக்கவேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் அவன் கையெழுத்துப் போடுவதை நான் விரும்பவில்லை. சொந்த வீடு இல்லையே என்ற உறவினர் பேச்சுக்குப் பயந்து 25 ஆண்டு உழைப்பை அடகு வைக்கவேண்டாம். அவனுக்கு வேலை மாறும் சுதந்திரம் வேண்டும், குழந்தையோடு பேசிக்கொண்டிருக்க மாலைப்பொழுது வேண்டும். என் மகள் படும் பாட்டைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

கடன் தாள்களின் நகலை எனக்கு அனுப்பு. வட்டி எப்போது, எதைப் பொறுத்து மாறும் என்று எழுதியிருக்கும் பக்கத்தை முக்கியமாக அனுப்பு. படித்துப் பார்த்து உடனே எழுதுகிறேன். முன்பணம் ஏதும் கொடுத்துவிட்டானா என்பதையும் மறக்காமல் தெரிவி. தங்கைக்கு எங்கள் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்