கிளப் ஹவுஸ் பிளேஸ்டேஷனை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்களுக்கு

நம் குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்களுக்கு, பி பிளாக்கிலிருந்து ஒரு கிழவன் எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுற்றியது. ஊரார் கைகளையெல்லாம் வெட்டித் தன் உடம்பில் ஒட்டவைத்துக்கொண்ட ஒரு ராட்சதன், கையில் கோடாரி. ‘இதைத்தான் நம்ம பிள்ளைங்க கிளப் ஹவுஸ்ல விளையாடுதுங்க’ என்று கீழே ஒரு வரி. சாயங்காலத்துக்குள் பதினேழு கையெழுத்து விழுந்தது. திங்கட்கிழமை அசோசியேஷன் நோட்டீஸ் ஒட்டியது, செவ்வாய்க்கிழமை பிளேஸ்டேஷன் செயலாளர் அறை அலமாரிக்குள் போய்விட்டது. தண்ணீர் டேங்கர் விஷயத்தில் இந்த வேகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

படத்தில் இருப்பவன் பெயர் காட்ரிக். அந்த வீடியோ கேமின் பெயர் எல்டன் ரிங். 2022 பிப்ரவரியில் வந்தது, செய்தவர்கள் ஜப்பானில் உள்ள ஃபிரம்சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் பேரன் விளையாடும்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவன் நான். ராத்திரி நடை முடித்து மூச்சு வாங்க உட்காரப் போய், நாலு மாதம் உட்கார்ந்துவிட்டேன். அவன் பி.யூ. (நம்மூர் ப்ளஸ் டூ) முடித்து இன்ஜினியரிங் முதல் வருஷம் படிக்கிறான், வயது பதினெட்டு.

காட்ரிக் கோரமானவன்தான், அதை மறைக்கவில்லை. சண்டையின் நடுவே தன் கையையே வெட்டிப் போட்டுவிட்டு, செத்த டிராகன் ஒன்றின் தலையை அந்த இடத்தில் மாட்டிக்கொள்வான். முதல் தடவை பார்த்தபோது நான் எழுந்து வெளியே போய் நின்றேன். ஆனால் அந்தப் படத்தை அனுப்பியவர், அவன் கோட்டைக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு குடிசையைப் படம் எடுக்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அந்தக் குடிசையில் சிவப்பு முக்காடு போட்ட ஒரு பெண் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பாள். பெயர் ரோடெரிகா. அவளோடு கடல் தாண்டி வந்த ஆட்கள் எல்லாரும் கோட்டைக்குள் போய்க் காட்ரிக்கின் வெட்டுக்கு இரையாகிவிட்டார்கள். இவளுக்கு உள்ளே போகவும் பயம், தனியாகத் திரும்பவும் பயம். பேரன் கோட்டைக்குள் பிணங்கள் குவிந்த ஓர் அறையில் அந்த ஆட்கள் விட்டுப்போன ஒரு சின்ன நினைவுப் பொருளைக் கண்டெடுத்துக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தான். அதற்கப்புறம் அவள் அந்தக் குடிசையை விட்டு எழுந்து, எல்லாரும் கூடும் மண்டபத்துக்கு வந்தாள்.

அங்கேதான் என் ஆள் இருக்கிறார். ஹியூக் என்று ஒரு கிழட்டுக் கொல்லர். மனித உருவமும் முழுசாக இல்லை, விலங்கு மாட்டிய கைதி. எப்போது போனாலும் சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். முகம் கொடுத்துப் பேச மாட்டார். ஆனால் அழுமூஞ்சி என்று எல்லாரும் ஒதுக்கக்கூடிய அந்தப் பெண்ணுக்கு ஆவிகளோடு பழகும் கை இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். சொல்லித்தர மட்டும் மாட்டேன் என்பார். பேரன் இவரிடம் ஒரு தடவை, அவளிடம் ஒரு தடவை, மறுபடி இவரிடம் என்று தரகர் மாதிரி நடந்தான். ஒருநாள் போனால், பட்டறைக்குப் பக்கத்திலேயே அவளும் ஒரு கடை போட்டு உட்கார்ந்திருக்கிறாள்!

நான் முப்பத்தைந்து வருஷம் இந்த ஊரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் கருவிகள் செய்யும் டூல் ரூமில் இருந்தவன். அப்ரண்டிஸாக வரும் பையன்களைப் பார்த்த முதல் நாளே ‘இவனுக்குக் கை இருக்கு’ என்று எனக்குத் தெரிந்துவிடும். ஆனால் வாயால் சொல்ல மாட்டேன். லேத்தில் நிற்கவிட்டுத் திட்டிக்கொண்டே இருப்பேன். ஹியூக்கைப் பார்த்ததும் வெட்கமாகப் போய்விட்டது. கதை முடியும் தறுவாயில் அந்த மண்டபமே தீப்பிடித்து எரிகிறது. ஹியூக்குக்கு நினைவு தப்பிப்போகிறது. எதை மறந்தாலும் அடிக்க வேண்டிய ஆயுதத்தை மட்டும் மறக்காமல் அடித்துக்கொண்டே இருக்கிறார். ரோடெரிகா ஓடிப்போகவில்லை. எதற்கெடுத்தாலும் பயந்த அந்தப் பெண் தீக்கு நடுவே அவர் பக்கத்தில் இருக்கிறாள். அன்று ராத்திரி என் பழைய அப்ரண்டிஸ் ஒருவனுக்கு ஓசூருக்கு போன் போட்டேன். மணி பத்தரை. ‘என்ன சார், உடம்புக்கு ஏதாவதா?’ என்று பதறிவிட்டான்.

அப்புறம் தாழிக் கதை. நான் ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக்காரன், ஆதிச்சநல்லூர் எங்களுக்குக் கூப்பிடு தூரம். முதுமக்கள் தாழி என்றால் என்ன என்று எங்கள் ஊர்ப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்டன் ரிங்கில் தாழிகள் கால் முளைத்து நடக்கின்றன. உள்ளே இருப்பது செத்த வீரர்களின் உடல்கள். கேட்டால் அருவருப்பாக இருக்கும். ஆனால் அந்தத் தாழிகளைப் போல நல்ல மனசு உள்ள ஜீவன்கள் அந்த உலகத்தில் வேறு கிடையாது. ஒரு பெரிய தாழி தரையில் ஒரு குழிக்குள் இடுப்பு வரை மாட்டிக்கொண்டு ‘யாராவது வாங்களேன்’ என்று கத்தும். பின்பக்கம் ஓங்கி நாலு சாத்து சாத்தினால் வெளியே வந்து, அடித்ததற்கு நன்றி சொல்லும். வேறோர் ஊரில் மறுபடியும் மாட்டிக்கொள்ளும். இந்த முறை எண்ணெய்ச் சட்டியை எறிந்து வழுக்கவிட்டு அடிக்க வேண்டும்.

இந்தத் தாழியின் பெயர் அலெக்சாண்டர். 1899 வாக்கில் ஆதிச்சநல்லூரில் தாழிகளைத் தோண்டி எடுத்த தொல்லியல் அதிகாரியின் பெயர் அலெக்சாண்டர் ரீ. ஜப்பான்காரர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனக்குத் தெரிந்ததால் சிரித்தேன், பேரனுக்கும் சொன்னேன். என் ஊரைப் பற்றி அவனாக உட்கார்ந்து அரைமணி நேரம் கேட்டது அன்றைக்குத்தான்.

என் வீட்டம்மாவுக்குப் பிடித்தவன் போக். குரங்குச் சாயலில் ஒரு தையல்காரன். சொந்தக் கூட்டமே அடித்துத் துரத்தி, மாயத்தால் செடியாக்கி விட்டிருந்தது. குரல் மட்டும் வரும், எந்தச் செடி என்று தேடி ஒரு தட்டு தட்டினால் அவனாக மாறுவான். பேரன் குகைக்குள் போய் அவனுடைய அம்மாவின் ஊசியை மீட்டுக் கொடுத்தான். அதிலிருந்து போகுமிடமெல்லாம் வந்து துணி தைத்துக் கொடுத்தான் போக். பின்னால் ஒருநாள், தான் அசிங்கமாக இருப்பதாகவும், மறுபிறவி எடுத்து மனிதனாகிவிட ஆசை என்றும் சொல்ல ஆரம்பித்தான். அதற்கு வேண்டிய பொருள் பேரன் பையில் இருந்தது. கொடுத்துவிடலாம் என்றுதான் அவனும் இருந்தான்.

அன்றைக்கு வீட்டம்மா தட்டில் முறுக்கோடு வந்து உட்கார்ந்திருந்தாள். ‘குடுக்காதடே’ என்றாள். ‘ஆச்சி, அவனே கேக்கறான்.’ ‘கேக்கத்தான் செய்வான். பெத்தவ இருந்திருந்தா குடுப்பாளா?’

பேரன் கூட்டாளிகளிடம் விசாரித்தான். அந்த உலகத்தில் எறிந்தால் பேசும் தலைப் பொம்மைகள் உண்டு. அதில் ஒன்று ‘நீ அழகாக இருக்கிறாய்’ என்று சொல்லும். ரெண்டு நாள் அலைந்து அதைக் கொண்டுவந்து போக் முன்னால் போட்டான். போக்கை அழகு என்று சொன்னவள் இந்த உலகத்தில் அவன் அம்மா ஒருத்திதான். அந்தக் குரலைக் கேட்டதும் அவளை நினைத்துக்கொண்டான், மறுபிறவிப் பேச்சை விட்டான். மறுபிறவி கொடுத்திருந்தால் அவன் பிழைத்திருக்க மாட்டான் என்று அப்புறம்தான் தெரிந்தது. வீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘முறுக்கு நமுத்துப் போச்சு’ என்றாள். முறுக்கு நன்றாகத்தான் இருந்தது.

எல்லாமே இப்படி இனிப்பு என்று சொல்லவரவில்லை. ஃபியா என்று ஒரு பெண் அந்த மண்டபத்தில் அன்பாகக் கட்டிப்பிடிப்பாள். அவள் தரும் ஆசியைப் பையில் வைத்திருக்கும் வரை நம் உயிரில் ஐந்து சதவீதம் குறைந்தே இருக்கும். பேரன் இருபது நாள் தெரியாமல் சுற்றினான். இந்த மாதிரி ஆட்களை நானும் ஆபீசில் பார்த்திருக்கிறேன், அதைவிடுங்கள்.

விளையாடுகிற ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதில் வழிப்போக்கர்கள் தரையில் குறிப்பு எழுதி வைக்கலாம். சொந்தமாக எழுத முடியாது, கொடுத்திருக்கும் சொற்களைக் கோத்துத்தான் எழுத வேண்டும். குறும்புக்காரர்கள் பொய்யும் எழுதுவார்கள், நம்பிக் குதித்தால் பாதாளம். ஒரு மலைமுகட்டில் ஒளிந்திருக்கும் எதிரியைப் பற்றி எச்சரித்துப் பேரன் ஒரு குறிப்பு வைத்திருந்தான். ஒரு வாரம் கழித்து மார்கிட் என்பவனோடு சண்டை. குப்பியில் மருந்து காலி, உயிர்க்கோடு நூலளவு. இன்னொரு அடி விழுந்தால் சிவப்பு எழுத்தில் ‘யூ டைட்’, அதாவது ‘நீ செத்தாய்’ என்று வந்துவிடும். திடீரென்று கோடு மளமளவென்று ஏறியது. எங்கேயோ ஓர் ஊரில் யாரோ அவன் குறிப்பைப் படித்துவிட்டு மதிப்பிட்டிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் எழுதியவனுக்கு உயிர் ஏறும், அதுதான் ஏற்பாடு. ‘யாரு தாத்தா அது?’ என்று கேட்டான். எனக்கென்ன தெரியும்?

இன்னொன்று, தனியாக முடியாதவர்கள் முன்பின் தெரியாதவர்களைத் துணைக்குக் கூப்பிடலாம். வந்தவர் அந்த இடத்துப் பெரிய அரக்கனை அடித்து முடித்ததும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறைந்துவிடுவார். 2022-இல் ‘லெட் மீ சோலோ ஹெர்’ என்ற பெயரில் ஒருவர் இப்படி வந்தார். தலையில் பானை, இடுப்பில் கோவணம், கையில் இரண்டு வாள், அவ்வளவுதான். மலேனியா என்ற, எல்லாரையும் அழவைத்த எதிரியை, ‘நீங்க ஓரமா நில்லுங்க’ என்கிற மாதிரி ஊரார் சார்பில் தனியாக அடித்துக் கொடுத்தார். ஆயிரம் தடவைக்கு மேல். விளையாட்டை வெளியிட்டவர்கள் அவருக்கு நிஜ வாளே பரிசாக அனுப்பினார்கள்.

இந்தத் துணைக்கு வரும் ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று இயக்குநர் ஹிடெடாகா மியாசாகி முன்பு ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். எல்டன் ரிங்குக்கு முன்னால், 2009-இல் வந்த டீமன்ஸ் சோல்ஸ் காலத்துக் கதை. பனி கொட்டிய ஒரு மேட்டில் அவருடைய காரோடு சேர்த்துப் பல கார்கள் ஏற முடியாமல் வழுக்கி நின்றிருக்கின்றன. பின்னால் வந்த கார் முன்னால் நின்ற காரை முட்டித் தள்ள, அப்படியே ஒவ்வொன்றாக மேடேறியிருக்கின்றன. நின்று நன்றி சொன்னால் மறுபடி மாட்டிக்கொள்வோம் என்று அவரால் நிற்கக்கூட முடியவில்லை. உதவியவர் யார், பத்திரமாகப் போனாரா என்று தெரியாமலே போனாராம்.

இதைப் பேரன் சொன்னபோது எனக்கு 2022 செப்டம்பர்தான் ஞாபகம் வந்தது. அவுட்டர் ரிங் ரோடும் பெல்லந்தூரும் ஏரியாகிப்போன அந்த வாரம், நம் குடியிருப்பிலிருந்து எத்தனை பேர் டிராக்டரில் ஏறி வெளியே போனீர்கள்! லேப்டாப் பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ட்ரெய்லரில் நின்றவர்களில் கையெழுத்துப் போட்ட நாலு பேரையாவது நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். அந்த டிராக்டர்காரர் பெயர் உங்களில் யாருக்காவது தெரியுமா?

சரி, கோரிக்கைக்கு வருகிறேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இதைப் பார்க்கக்கூடாது என்பதில் உங்களோடு நான் ஒரே கட்சி. ஐரோப்பியத் தரச் சான்றே பதினாறு வயதுக்கு மேல் என்றுதான் சொல்கிறது. ராத்திரி எட்டு மணிக்குமேல், பதினாறு தாண்டியவர்களுக்கு மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு என்று விதி போடுங்கள். கதவருகே உட்கார்ந்து யார் வயது என்ன என்று பார்க்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். கேரம் போர்டு சண்டையில் இரண்டு பெரியவர்கள் கைகலந்தபோதும் போர்டை யாரும் அலமாரியில் வைத்துப் பூட்டவில்லை என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

அதற்கு முன்னால் செயலாளரிடம் சொல்லி வரும் சனிக்கிழமை ஒரு ராத்திரிக்கு மட்டும் சாவியை வாங்கித் தாருங்கள். படத்தை அனுப்பியவர் கட்டாயம் வர வேண்டும். பேரன் புதிதாக முதலிலிருந்து ஆரம்பிப்பான், காட்ரிக் வரை போகமாட்டான், குடிசையோடு நிறுத்திக்கொள்வான். வீட்டம்மா முறுக்கு சுடுவதாகச் சொல்லியிருக்கிறாள். பதினேழு பேருக்கு எத்தனை படி மாவு என்று கேட்கிறாள், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பி பிளாக் மூன்றாம் மாடித் தாத்தா
பெங்களூரு