முயல் விற்கும் கடைகளுக்கு லைசென்ஸ் கொடுக்கும் முன்: பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பஞ்சாயத்துகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் மெம்பர்களுக்கும் வணக்கம்.

ஏப்ரலில் பள்ளிக்கூடம் அடைத்ததும் நம் பக்கத்து பெட் ஷாப்புகளில் முயல் குட்டி வியாபாரம் சூடு பிடித்துவிடும். விஷுக் கைநீட்டமாகக் கிடைத்த காசோடு பிள்ளைகள் கடை வாசலில் நிற்பார்கள். வீட்டில் இருப்பவர்களும் லீவுக்கு ஒரு விளையாட்டுத் துணையாக இருக்கட்டும் என்று வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். ஜூனில் பள்ளி திறந்து மழையும் பிடித்த பிறகு அதே முயல்களை வாய்க்கால் மேட்டிலும் தென்னந்தோப்பிலும் பார்க்கலாம். கொஞ்சம் இரக்கம் உள்ளவர்கள் அட்டைப்பெட்டியில் போட்டு மிருகாஸ்பத்திரி வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அப்படி வந்த சிலவற்றை நான் வீட்டில் வைத்து வளர்க்கிறேன். அவற்றைப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகுதான் இந்தக் கடிதத்தை உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

காட்டில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று பலரும் மனதார நம்புகிறார்கள். பிழைக்காது. நம் வயல்வெளியில் ஓடுவது கருங்கழுத்து முயல். அது பிறக்கும்போதே உடம்பில் ரோமம் இருக்கும், கண் திறந்திருக்கும், சீக்கிரமே ஓடவும் தொடங்கிவிடும். கடையில் விற்பது ஐரோப்பியக் குழிமுயலின் வழிவந்த வளர்ப்பு இனம். அதன் குட்டி ரோமமில்லாமல், கண் மூடிய நிலையில், வளைக்குள் பிறக்கிறது. இரண்டும் வேறு வேறு உயிரினங்கள், ஒன்றோடொன்று இனம் சேரவும் முடியாது. தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்து வளர்ந்த வெள்ளை முயலுக்கு நாயும் கீரியும் சுற்றும் தோப்பில் ஒளிந்து வாழத் தெரியாது. அதன் வெள்ளை நிறமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வாங்கியவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கடையில் அவர்களிடம் என்ன சொன்னார்கள் என்று பாருங்கள். ஒரு கடையில் பக்கத்தில் நின்று கேட்டேன். "ரொம்ப சாது, சத்தமே போடாது, கேரட் கொடுத்தா போதும்" என்றுதான் விற்றார்கள். இந்த மூன்று வார்த்தைகளும் மூன்று ஆபத்துகள்.

முயல் மற்ற மிருகங்களுக்கு இரையாகும் பிராணி. வலிக்கிறது என்று வெளியே காட்டினால் பருந்தும் நரியும் அதைத்தான் முதலில் குறிவைக்கும். அதனால் வலியை மறைத்துக்கொள்வது அதன் பிறவிக்குணம். கூண்டு மூலையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் குட்டியைப் பார்த்து வாங்க வந்தவர் "என்ன சமத்து!" என்கிறார். அந்தக் குட்டி பயத்தில் உறைந்திருக்கலாம், வயிற்று வலியில் இருக்கலாம், காய்ச்சலில் கூட இருக்கலாம். மல்லாக்கப் படுக்க வைத்தால் அப்படியே கிடக்கிறதே என்று பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாகவே செய்கிறார்கள். முயல் அப்போது தூங்கவில்லை. பிடிபட்டுவிட்டோம் என்ற பயத்தில் உடம்பு செயலற்றுப் போகிற நிலை அது. அதிலிருந்து விடுபட உதறும்போது பின்னங்காலின் வேகத்தில் அதன் முதுகெலும்பே முறிந்துபோகலாம். காதைப் பிடித்துத் தூக்குவதும் அதே அளவு கொடுமை. சந்தோஷமாக இருக்கும் முயலை ஒருமுறையாவது பார்த்தவர்கள் இந்த உறைந்த நிலையை சமத்து என்று சொல்ல மாட்டார்கள். அது ஓடும், அந்தரத்தில் உடம்பை முறுக்கித் துள்ளும், கோபம் வந்தால் பின்னங்காலால் தரையில் ஓங்கித் தட்டும். ஷூ டப்பா அளவுக் கூண்டில் இது எதுவும் நடக்காது.

அப்புறம் அந்தக் கேரட். அதில் சர்க்கரை அதிகம், எப்போதாவது ஒரு துண்டு கொடுக்கலாம், அவ்வளவுதான். முயலுக்குச் சாப்பாடு என்றால் புல். பச்சையாகவோ காயவைத்தோ நாள் முழுவதும் அதன் முன்னால் புல் இருக்க வேண்டும். பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், நார் உள்ள புல்லை ஓயாமல் மென்றால்தான் அவை தேயும். தேயாவிட்டால் பல் கன்னத்திலும் நாக்கிலும் குத்தி, சாப்பிட முடியாமல் பட்டினி கிடந்து சாகும். குடலும் புல்லை நம்பித்தான் ஓடுகிறது. முயலுக்கு வாந்தி எடுக்க வராது, அதனால் வயிற்றில் சிக்கியது வெளியே வர வேறு வழியில்லை. அரை நாள் எதுவும் தின்னாமல் புழுக்கை போடாமல் இருந்தாலே அது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய அவசரம். இந்த ஒரு தகவலைக் கடையில் சொல்லியிருந்தால் எத்தனையோ முயல்கள் பிழைத்திருக்கும். நம் ஊரில் புல்லுக்குப் பஞ்சமா? வரப்பில் அருகம்புல் கிடக்கிறது, மாடு வைத்திருப்பவர்கள் நேப்பியர் புல் வளர்க்கிறார்கள்.

கடைகளில் "குட்டை ரகம், இதுக்கு மேல வளராது" என்று காட்டுபவை பெரும்பாலும் தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்த சாதாரணக் குட்டிகள்தான். எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டிய குட்டியை நான்கு வாரத்திலேயே கடைக்குக் கொண்டுவந்தால் பார்க்கக் கைக்கு அடக்கமாகத்தான் இருக்கும். தாய்ப்பாலை விட்டுப் புல்லுக்கு மாறும் நாட்கள்தான் குட்டிக்கு ஆகவும் ஆபத்தான காலம். ரத்தக்கழிச்சல் நோய் அப்போதுதான் தாக்குகிறது. வீட்டுக்கு வந்த சில நாளில் குட்டி செத்துப்போனால் பிள்ளை ஏதோ தப்பாகப் பார்த்துக்கொண்டது என்று வீட்டில் திட்டுகிறார்கள். பாவம் அந்தப் பிள்ளை, அழுதுகொண்டே குழி தோண்டிப் புதைக்கிறது. நோய் கடையிலேயே வந்திருக்கும்.

பிழைத்த குட்டிகளின் கதை வேறு மாதிரி. "ஜோடி" என்று விற்கிறார்கள். அந்த வயதில் ஆண் எது பெண் எது என்று கண்டுபிடிப்பது பழகியவர்களுக்கே கஷ்டம். நான்கைந்து மாதத்தில் இரண்டும் பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள், குட்டி போட்ட அன்றே தாய் மறுபடியும் சினை பிடிக்கும். இரண்டு முயல் வாங்கிய வீட்டில் அடுத்த லீவுக்குள் ஒரு பண்ணையே நிற்கும். இரண்டும் ஆணாக இருந்துவிட்டால் ரத்தம் வரச் சண்டை போடும். வாய்க்கால் மேட்டில் நாம் பார்க்கும் முயல்களில் பல இப்படி வந்தவைதான்.

வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் 41 டிகிரியைத் தாண்டியபோது வானிலைத் துறை வெப்ப அலை என்றே அறிவித்தது. முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டை அது காது வழியாகத்தான் வெளியேற்றுகிறது. 30 டிகிரியைத் தாண்டினாலே திணறத் தொடங்கிவிடும். தகரக் கூரைக்கடியில், ரோட்டைப் பார்த்து வைத்த கம்பிக் கூண்டில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நிலையில் மதிய நேரத்தை அவை எப்படிக் கழிக்கும்? வியாபாரம் அதிகம் நடப்பதும் அந்த மாதங்களில்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. பரதக் கலைஞராக உலகம் அறிந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1960-ல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது, 1962-ல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானார். நம் மொழி பேசும் ஒரு பெண்மணி நாட்டுக்கே போட்டுக்கொடுத்த பாதை இது. ஆனால் அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரைதான். ஒரு முயல் குட்டியின் விலைகூட அதைவிட அதிகம். எனவே வழக்குப் போட்டுக் கடைகளைத் திருத்தலாம் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

2018-ல் மத்திய அரசு கொண்டுவந்த செல்லப்பிராணிக் கடை விதிகள்மீது எனக்கு நம்பிக்கை இருக்கிறது. நாய், பூனை, கூண்டுப் பறவைகளோடு முயலையும் அதில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் யாரும் இவற்றை விற்கக் கூடாது. இது மத்திய விதி என்பதால் தமிழ்நாட்டு எல்லையில் உள்ள வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றே. இங்கே கேரள வாரியம், அங்கே தமிழ்நாட்டு வாரியம், வித்தியாசம் அவ்வளவுதான். "நாங்க பொள்ளாச்சியிலிருந்து எடுக்கறோம், எங்களுக்குத் தெரியாது" என்று இங்கே உள்ள கடைக்காரர் சொல்வதை நீங்கள் ஏற்கக் கூடாது.

உங்களிடம் எழுதுவதற்குக் காரணம் இதுதான். கடை திறக்கப் பஞ்சாயத்து லைசென்ஸ் வேண்டும். வாரியத்தில் பதிவு செய்த சான்றிதழைக் காட்டினால்தான் லைசென்ஸ் கொடுப்போம், புதுப்பிப்போம் என்று நீங்கள் ஒரு தீர்மானம் போட்டால் போதும். 50 ரூபாய் அபராதத்துக்குப் பயப்படாதவர்கள் ஷட்டரை இறக்க வேண்டிவரும் என்றால் கேட்பார்கள். லைசென்ஸ் கொடுக்கும் முன் மிருகாஸ்பத்திரி டாக்டர் ஒருமுறை கடையைப் பார்க்கட்டும். கூண்டுத் தரை வெறும் கம்பியா, பலகையோ வைக்கோலோ போட்டிருக்கிறதா, குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகிவிட்டதா, மதிய வெயில் உள்ளே அடிக்கிறதா என்று பார்க்க அரை மணி நேரம் போதும். அதே கடையின் பின்பக்கம் பச்சைக்கிளி கூண்டு இருந்தால் அதையும் பார்த்துவிடலாம். நாட்டுக் கிளியைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது வனத்துறைக்குப் போக வேண்டிய விஷயம்.

முயல் பண்ணை வைத்துப் பிழைப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கடைக்காரர்களில் பலரும் நம் அண்ணன் தம்பிகள்தான், கடன் வாங்கிக் கடை போட்டவர்கள். தீவனம், கூண்டு, மீன் தொட்டி விற்றே நல்லபடியாகக் கடை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். உயிரை விற்றுத்தான் ஆகவேண்டும் என்றால் அதற்கு உண்டான பொறுப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொரு வேண்டுகோள். கைவிடப்பட்ட முயல்களுக்கு வீடு தேடித் தர மிருகாஸ்பத்திரியில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்க ஏற்பாடு செய்யுங்கள். வளர்க்க முடியாதவர் பெயர் ஒரு பக்கம், வளர்க்க விரும்புகிறவர் பெயர் ஒரு பக்கம். முயல் வேண்டும் என்று வருகிறவர் முதலில் அந்த நோட்டைப் பார்க்கட்டும். தத்தெடுப்பதில் பெரிய லாபம் ஒன்று உண்டு. வளர்ந்த முயல் ஆணா பெண்ணா என்று தெரிந்திருக்கும், குணம் தெரிந்திருக்கும், ஆபத்தான குட்டிப் பருவத்தைத் தாண்டியும் இருக்கும். கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேட்டால் போதும். நிழலான இடம் இருக்கிறதா? நாள்தோறும் ஓடவிட ஒரு அறையோ திண்ணையோ இருக்கிறதா? எட்டு, பத்து வருடம் வைத்துப் பார்க்க வீட்டில் ஒரு பெரியவர் தயாரா? பதில் பெரியவரிடமிருந்துதான் வர வேண்டும். பிள்ளையின் ஆசை முக்கியம்தான், ஆனால் பிள்ளை மேல்படிப்புக்குப் போன பிறகும் முயல் உயிரோடிருக்கும்.

கருத்தடை பற்றியும் யோசிக்க வேண்டும். பெண் முயலுக்கு வயது ஏற ஏறக் கருப்பையில் புற்றுநோய் வருவது மிகவும் சகஜம், அறுவை சிகிச்சை அதையும் தடுக்கும். எல்லா டாக்டர்களும் முயலுக்கு இதைச் செய்வதில்லை. மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரியோடு பேசி வருடத்துக்கு ஒரு முகாமாவது நடத்த முடியுமா என்று மூன்று பஞ்சாயத்தும் சேர்ந்து கேளுங்கள்.

கடைகளிலும் ஆஸ்பத்திரியிலும் ஒட்ட ஒரு அறிவிப்பு தேவை. தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும், இங்கே பாதி வீடுகளில் தமிழ்தான் படிப்பார்கள். நாய்க்கு உண்ணி போக அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்ப்ரேயை முயல்மேல் அடித்தால் உயிரே போகலாம். வீட்டில் மீதமிருக்கும் அமாக்ஸிசிலின் மருந்தை வாய்வழி கொடுத்தால் குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து முயல் செத்துப்போகலாம். குளிப்பாட்டக் கூடாது, பயத்திலும் குளிரிலும் அதிர்ச்சியடைந்து செத்துப்போகலாம். சொறி வந்தால் வேப்பெண்ணெயோடு காத்திருக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். இவ்வளவும் ஒரு தாளில் அடங்கும். எழுதித் தர நான் தயார், டாக்டர் சரிபார்த்துக் கொடுத்தால் அச்சடிக்கும் செலவையும் நானே ஏற்கிறேன்.

அடுத்த கிராம சபையில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். நானும் வருகிறேன், வீட்டில் முயல் வளர்க்கும் சிலரையும் அழைத்துவருகிறேன். கடைக்காரர்களையும் கூப்பிடுங்கள், அவர்கள் பக்கத்து நியாயத்தையும் அங்கேயே கேட்போம். மார்ச் முடிவதற்குள் தீர்மானம் வந்தால் இந்த லீவு வியாபாரத்துக்கு முன்பே அது நடைமுறைக்கு வரும்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையில் முயல் வளர்க்கும் உங்கள் வாக்காளர் ஒருவர்